தரையிலிருந்து அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

செப்டம்பர் 1, வெள்ளி

புது வண்டி வீட்டுக்கு வந்தாயிற்று. அடர்நீலம். எனக்கு வெள்ளைதான் பிடிக்கும், அழுக்கு எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆவுடை நீலம் என்றாள். முப்பத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு நிறத்தையாவது விட்டுக்கொடுப்போம் என்று விட்டேன்.

பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வண்டி ஷோரூம் வாசலைத் தாண்ட வேண்டும். நாங்கள் போய்ச் சேரும்போதே மணி பத்து. ஐயர் பூசை முடித்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நிமிர்ந்தபோது பத்து இருபத்திரண்டு. டெலிவரி கொடுக்கும் பெண் ஒரு தாளை நீட்டினாள். பெயர் பியூலா, முப்பது வயது இருக்கும். வண்டியில் கீறலோ பள்ளமோ இல்லை என்று நாம் ஒப்புக்கொள்ளும் தாள்.

"ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுக் கையெழுத்து போடுங்க சார்," என்றாள்.

"நேரமாச்சு, போட்டுக் குடுங்களேன். பழத்துல சக்கரம் ஏறணும்லா," என்றாள் ஆவுடை.

பார்க்காமல் போட்டேன். எடையளவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். இந்தத் திருநெல்வேலியில் எந்தக் கடைத் தராசுக்கும், எந்தப் பெட்ரோல் பம்புக்கும் சோதிக்காமல் முத்திரை குத்தியதில்லை. இன்று சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இதை இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன், வெளியே சொல்ல மாட்டேன்.

பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் உடைத்துவிட்டு வந்தோம். வீட்டு கேட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது டிக்கியில் அர்ச்சனைத் தேங்காய் உருண்டு கரகரவென்று ஒரு சத்தம். ஆவுடை சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"தேங்காய்," என்றேன்.

மத்தியானம் பாயசம்.

செப்டம்பர் 2, சனி

காலையில் வண்டியைத் துடைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். இடது பக்கம், பின்கதவில் கீறல். நாடாவை எடுத்து அளந்தேன். தரையிலிருந்து 62 செ.மீ. உயரம். நீளம் 41 செ.மீ. கடைசியில் கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம்.

பத்தரைக்கு ராகுகாலம் என்று தெரிந்துதானே பத்து இருபத்திரண்டுக்குத் தாளை நீட்டியிருக்கிறாள்? அவசரத்தில் இருப்பவனிடம்தான் எடையைக் குறைப்பார்கள். நான் பார்க்காத வித்தையா?

ஆவுடையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கீறலை அதிக நேரம் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"சின்னக் கீறல்தானே. விட்டுத் தள்ளுங்க," என்றாள்.

'சின்ன வித்தியாசம்தானே சார்' என்றுதான் எல்லா வியாபாரியும் சொல்வான்.

காப்பி டம்ளரை இடது கைப்பக்கம் வைத்துவிட்டாள். தட்டிவிட்டு வேட்டியெல்லாம் காப்பி. வைக்கிற இடத்தில் வைத்தால் என்ன?

பழைய வண்டியிலும் இடது பக்கம் முழுக்கக் கீறல்தான். அது எதிர்வீட்டு மாசானத்தின் வேலை. வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து வயிற்றெரிச்சல். அவரோடு பேச்சை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது.

செப்டம்பர் 4, திங்கள்

ஷோரூமுக்குப் போனேன். மேனேஜர் லிங்கதுரை. நெற்றியில் திருநீறு, கையில் இரண்டு போன். கீறலைக் குனிந்து பார்த்தார்.

"அடிபட்ட வண்டிக்கு பெயிண்ட் அடிச்சுக் குடுக்கிற பழக்கமெல்லாம் நம்மகிட்ட கிடையாது சார்," என்றார்.

பெயிண்ட் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

டெலிவரி அன்று எடுத்த படங்களைக் கேட்டேன். ஆறு படம். ஆறிலும் வண்டியின் வலது பக்கம். நான் சாவியை வாங்கிக்கொண்டு இளிக்கிறேன், ஆவுடை முந்தானையைச் சரிசெய்கிறாள். இடது பக்கம் ஒன்றில்கூட இல்லை.

"அந்தப் பக்கம் எதிர்வெயில் சார். மூஞ்சி இருட்டா விழும்," என்றாள் பியூலா. நேராக என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பழகிய கை. வாசல் கேமராவும் காவலாளி அறைப் பக்கம், அதாவது வலது பக்கம் மட்டும்தான் காட்டுகிறது. இவ்வளவு பொருத்தமாக எல்லாம் ஒரே பக்கம் அமையுமா?

"நான் டெலிவரி குடுக்கும்போது கீறல் இல்ல சார். நானே துணி போட்டுத் துடைச்சேன்," என்றாள்.

துடைத்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? இதையும் குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. தராசில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆச்சரியம்.

கேட்டின் கொண்டி வளைந்து, குழியில் இறங்க மாட்டேன் என்கிறது. பால்காரன் வேலையாகத்தான் இருக்கும், விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் இழுத்துத் தள்ளுகிறான். வெல்டர் சேர்மக்கனிக்குப் போன் செய்தேன். அளவு சொல்லாவிட்டால் இரண்டு நடை வருவான். இடது கதவில் இருக்கிறது, கொண்டியின் கைப்பிடி தரையிலிருந்து 62 செ.மீ. என்று அளந்தே சொன்னேன்.

ஆவுடை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கீரை ஆயப் போய்விட்டாள்.

செப்டம்பர் 6, புதன்

சேர்மக்கனி புதுக் கொண்டி வைத்துவிட்டான். பழையதை இரும்புக்கடைக்குப் போட எடுத்து வைத்தேன், காணோம். அவன்தான் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான்.

செப்டம்பர் 7, வியாழன்

சந்தைப் பக்கம் வண்டியில் போனோம். இடது பக்கத்தில் ஒரு சைக்கிள்காரன் மண்ணுக்குள்ளிருந்து முளைத்த மாதிரி வந்தான். ஆவுடை கத்தியதால் பிரேக்கில் மிதித்தேன். பட்டப்பகலில் குடித்திருக்கிறான்.

"அவன் நம்ம கூடவேதான் வந்துக்கிட்டிருந்தான்," என்றாள் ஆவுடை. வீடு வரைக்கும் கைப்பிடியை விடவே இல்லை.

செப்டம்பர் 9, சனி

இன்று காரியம் முடிந்தது. லிங்கதுரை தனி அறைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"முதலாளிகிட்ட பேசிட்டேன் சார். கதவையே மாத்திக் குடுத்துருவோம். ஆனா ஃபைலுக்கு ஒரு காரணம் வேணும்லா. டெலிவரி ஸ்டாஃப் கீறலை மறைச்சுட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தா, எங்களுக்கு அந்தப் பொண்ணு மேல நடவடிக்கை எடுக்க வசதியா இருக்கும்."

குற்றமே இல்லாத இடத்தில் நடவடிக்கை எதற்கு? ஆக, நான் நினைத்தது சரி.

எழுதிக் கொடுத்தேன். அலுவலக நடையில், பத்தி பிரித்து. 'நல்ல நேரம் முடியப்போகும் அவசரத்தைப் பயன்படுத்தியும், வலப்புறம் மட்டும் படமெடுத்தும், மேற்படி பணியாளர் சேதத்தை வேண்டுமென்றே மறைத்தார்.' என் எழுத்து இன்னும் திடமாகத்தான் இருக்கிறது.

வெளியே வரும்போது பியூலா வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சார், இந்த மாசத்தோட எனக்கு இங்க ரெண்டு வருசம் முடியுது. பெர்மனன்ட் பண்ணுறதா இருந்தாங்க. நீங்க எழுதிக் குடுத்துட்டா இனி எந்த ஷோரூம்லயும் என்னைச் சேக்க மாட்டாங்க. நான் மறைக்கல சார். பாத்துட்டுப் போடுங்கன்னு சொன்னேன்லா?"

சொன்னாள்தான். அதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம். கண் கலங்கியிருந்தது. கள்ள எடைக்கல்லோடு பிடிபட்ட எத்தனையோ பேர் என் காலில் விழுந்து அழுதிருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் யாரும் கண்ணைப் பார்த்து அழுததில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஷோரூமில் எழுதிக் கொடுத்ததை ஆவுடையிடம் சொன்னேன். சோறு போடும்போது கரண்டியை வைத்த சத்தம் சரியில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

ஆவுடை சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

செப்டம்பர் 13, புதன்

பியூலா வீட்டுக்கே வந்துவிட்டாள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். என்னிடம் சண்டை போட வந்திருப்பாள் என்று நாற்காலியை நேராகப் போட்டு உட்கார்ந்தேன். அவள் வாசலிலேயே நின்று, "ஆன்ட்டி இருக்காங்களா?" என்றாள்.

இரண்டு பேரும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். ஆவுடை கொண்டியைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவுடை அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கெஞ்சுகிறாள். என் வீட்டில், என் பெண்டாட்டி, எதிர்க்கட்சியோடு. ஷோரூமில் இவளுக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்களா என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண் போன பிறகு ஆவுடை உள்ளே வந்தாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே பழைய கொண்டி. கைப்பிடியின் நுனியில் நீல நிறம் அப்பியிருந்தது. அடர்நீலம்.

"அன்னைக்கு உருண்டது தேங்கா இல்ல," என்றாள்.

எழுந்து போய் இந்த நோட்டை எடுத்து முந்தின பக்கங்களைப் புரட்டினேன். சனிக்கிழமை: 62 செ.மீ. செவ்வாய்க்கிழமை: 62 செ.மீ. இரண்டும் என் கையெழுத்து. மூன்று நாள் இடைவெளியில் ஒரே நாடாவால் அளந்து, ஒரே பேனாவால் எழுதியிருக்கிறேன்.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"இறங்கும்போதே பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"ஊரையே சோதிச்ச மனுசன்கிட்ட போயி, ஒங்க கண்ணுல கோளாறுன்னு எப்படிச் சொல்ல? ஒரு வருசமாப் பாக்கேன். இடது பக்கம் எதை வச்சாலும் தட்டிவிடுதீய. நெலைவாசல்ல தோளை இடிச்சிக்கிடுதீய. அதான் டம்ளரை வலப்பக்கமே வச்சிக்கிட்டு வாரேன். அன்னைக்கு ஒரு நாளு மறந்துட்டேன்." பிறகு கொண்டியைக் கையில் எடுத்தாள். "கொண்டி நீட்டிக்கிட்டு நிக்குறதை நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன். நீங்களும் பாத்திருப்பீயன்னு நெனச்சேன். ஒங்க கௌரவத்துக்காக நான் வாய மூடுனேன், அந்தப் பிள்ள வேலை போயிட்டு. பாவம் எனக்கும் பாதி."

அறுபத்திரண்டு செ.மீ. உயரத்தில் ஊரில் ஆயிரம் பொருள் இருக்கும் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நீலத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நானேதான் சொன்னேன். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 15, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

கண்ணில் மருந்து விடுவதற்கு முன்னால் ஒரு மெஷின் முன் உட்காரவைத்தார்கள். கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. தாடையை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே குட்டி வெளிச்சம் வரும், வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வலது கண் முடிந்தது. இடது கண்ணுக்கு மாற்றியதும் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். வெளிச்சமே வரவில்லை. எப்போதாவது ஒன்று. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

"உங்க மெஷின் ஓடல," என்றேன்.

"ஓடுது சார், நடுவுல மட்டும் பாருங்க," என்றாள் அங்கிருந்த பெண்.

"கடைசியா எப்ப சரிபார்த்தீங்க? சான்று இருக்கா?"

அவள் கோபப்படவில்லை. மெஷினின் பக்கவாட்டைக் காட்டினாள். ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆகஸ்ட் 21 அன்று சோதித்தது, அடுத்த சோதனை எப்போது, சோதித்தவர் கையெழுத்து. எல்லாம் ஒழுங்காக இருந்தது. குறை சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை.

நான் விடவில்லை. ஒரு தராசைச் சந்தேகப்பட்டால், எடை தெரிந்த கல்லை அதில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. "என் வீட்டுக்காரிய உக்கார வச்சுக் காட்டுங்க," என்றேன். அந்தப் பெண் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, சரி என்றாள்.

ஆவுடை செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி போய் உட்கார்ந்தாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில். பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது. டிக். டிக். டிக். நிற்கவே இல்லை. நான் ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருந்த அந்த இடத்தில் அவளுக்கு விளக்கு விளக்காக வந்துகொண்டிருக்கிறது. நான் அந்தச் சத்தத்தை எண்ண ஆரம்பித்தேன். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

கண்ணில் நீர் அழுத்தம், நரம்பு காய்ந்துவிட்டது என்றார் டாக்டர். இடது கண்ணில் முக்கால் பங்கு போய்விட்டது, போனது திரும்பாது. வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வலியே இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாதாம். இனி வண்டி ஓட்டக் கூடாது.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. கடைக்காரனின் கல்லைச் சோதிக்க நாங்கள் எடுத்துப்போகும் கல்லையே குறித்த காலத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்து வாங்க வேண்டும். எங்கள் கல் தேய்ந்திருந்தால் ஊரிலுள்ள நல்ல தராசெல்லாம் கள்ளத்தராசாகத்தான் தெரியும். முப்பத்து நான்கு வருடம் ஒரு தடவைகூட நான் அதைத் தவறவிட்டதில்லை. கல்லை மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன்.

திரும்பும்போது ஆட்டோவில் ஆவுடை என் இடது பக்கம் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் அவள் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

செப்டம்பர் 16, சனி

பஸ்ஸில் ஷோரூமுக்குப் போனேன். கொண்டியையும் கொண்டுபோனேன். எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம். 'கீறல், தரையிலிருந்து 62 செ.மீ. காரணம், என் வீட்டு கேட். பணியாளர் பியூலா எதையும் மறைக்கவில்லை. சுற்றிப் பார்க்கச் சொன்னார், நான்தான் பார்க்கவில்லை.'

லிங்கதுரை படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார். "அந்தப் பொண்ணு போயாச்சு சார். இதுக்கு மேல இதை எதுக்குக் கிளறிக்கிட்டு? உங்க கதவை மாத்திக் குடுத்துருதோம்."

"கதவு வேண்டாம். கடிதத்துக்கு முத்திரை போட்டு நகல் குடுங்க."

போடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. மாலை கடை அடைக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 18, திங்கள்

மறுபடியும் போனேன். வண்டி பார்க்க வந்த ஒரு குடும்பம், "நீங்க இங்கதான் வாங்கினீங்களா, எப்படி?" என்று கேட்டது. வண்டி நல்ல வண்டி, டெலிவரி கொடுத்த பெண் நல்ல பெண், என் பொய்யால் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று விளக்கமாகச் சொன்னேன். லிங்கதுரை ஓடி வந்தார்.

செப்டம்பர் 20, புதன்

மூன்றாம் நாள். பதினொரு மணிக்கு முதலாளியே வந்தார். கடிதத்தையும் கொண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். முத்திரை போட்டு நகல் கொடுத்தார்கள். பியூலாவை நாளை வரச் சொல்லியிருக்கிறார்கள். பெர்மனன்ட் பற்றி வாய் திறக்கவில்லை. அதற்கு இன்னொரு நாள் உட்காருவேன்.

அவளுக்குப் போன் செய்தேன். மன்னித்துக்கொள் என்றேன்.

"சரி சார்," என்றாள். பிறகு, "அன்னைக்கு நான் சொல்லும்போது ஒரு நிமிசம் நம்பியிருக்கலாம் சார்," என்றாள்.

அவள் போனை வைக்கும் வரை காதிலேயே வைத்திருந்தேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

எதிர்வீட்டு மாசானத்திடம், "சௌக்கியமா?" என்றேன். சந்தேகமாகப் பார்த்தார்.

அக்டோபர் 7, சனி

கதவைத் தட்டிச் சீராக்கி, பெயிண்ட் அடித்து வண்டியைக் கொண்டுவந்தார்கள். செலவு நம்முடையது. தாளோடு வந்தது பியூலா. மணி ஒன்பதரை, நல்ல ராகுகாலம்.

"பத்தரைக்கு மேல போடுதீங்களா சார்?" என்றாள்.

"இப்பவே பாத்துருவோம்மா."

ஒரு சுற்று சுற்றினேன். இடது பக்கம் வந்ததும் கழுத்தை முழுக்கத் திருப்பி, கையால் தடவித் தடவிப் பார்த்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டேன். ராகுகாலம் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. ஆவுடை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி போடப் போனாள்.

பியூலாவுக்குக் காப்பி கொடுத்தோம். குடித்தாள். சிரிக்கவில்லை. கிளம்பும்போது, "பெர்மனன்ட் லெட்டர் வந்துருச்சு ஆன்ட்டி," என்று ஆவுடையிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 19, ஞாயிறு

ஆவுடை டிரைவிங் ஸ்கூலுக்குப் போகத் தொடங்கி நாற்பது நாள் ஆகிறது. லைசென்ஸும் எடுத்துவிட்டாள். ஐம்பத்தேழு வயதில். இன்றுதான் முதல்முறையாக எங்கள் வண்டியை வெளியே எடுத்தாள். கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை எஞ்சின் அணைந்தது. கொண்டியைத் துணியால் சுற்றிவைத்திருந்தாள்.

நான் இடது இருக்கையில். ஜன்னல் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மரமா, மனிதரா, சைக்கிளா, எது போனாலும் எனக்கு ஒன்றுதான். பாளையங்கோட்டை மார்க்கெட் வந்துவிட்டதைச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

"என்ன, ரோட்டைப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டு வாரீய?" என்றாள் ஆவுடை.

எனக்குத் தெரிகிற பக்கத்தில் அவள்தான் இருக்கிறாள்.

"ஓட்டு. சரியா ஓட்டுதியான்னு சோதிச்சுக்கிட்டு வாரேன்," என்றேன்.